ஏழு பேர் பட்டியல்

ஜூன் 12, திங்கள்

அலுவலகத்தில் ஏசி ஓடவில்லை. ஜன்னலைத் திறந்தால் உப்பளத்துக் காற்று முகத்தில் அடிக்கிறது, மூடினால் புழுக்கம். ஜெயந்த் சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போர்டில் எழுதினார். கொற்கை எஃப்.சி. தொடங்கிய நாலு வருடத்தில் இவர் மூன்றாவது சி.இ.ஓ. சேர்மனின் மருமகன். கால்பந்தைக் காலால் தொட்டிருக்க மாட்டார். ஆனால் என்னைப் போன்றவனுக்கும் புரிகிற மாதிரி கணக்கைச் சொல்லத் தெரியும்.

லீக் விதிப்படி ஒரு கிளப் தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து வருடத்துக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. பணமுள்ள கிளப் நல்ல ஆட்டக்காரர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக வைத்த உச்சவரம்பு. பயிற்சியாளர்கள், பிசியோ, மசாஜ் செய்கிறவர் இவர்கள் சம்பளம் அந்தக் கணக்கில் வராது. அது அந்தந்த கிளப்பின் விருப்பம். எங்கள் சேர்மன் அதற்கும் ஒரு கோடு போட்டுவிட்டார். ஏழு பேர், மூன்று கோடி. அதற்கு மேல் கிடையாது.

கோச் பெர்னார்டோவுக்கு லூசியோ வேண்டும். பிரேசில்காரன். போன வருடம் வேறு கிளப்புக்குப் பதினேழு கோல் அடித்தவன். இரண்டே கால் கோடி கேட்கிறான். உச்சவரம்புக்குள் மிச்சம் இருப்பது ஒன்றரைக் கோடி.

"மிச்ச எழுபத்தஞ்ச இந்தப் பக்கம் வச்சிரலாம் ஹெர்பர்ட்" என்று போர்டின் வலது பக்கத்தைத் தட்டினார் ஜெயந்த் சார். "லூசியோவுக்கு ஒரு அண்ணன் இருக்காரு. ரெனாட்டோ. ஃபிட்னஸ் சர்டிபிகேட் வச்சிருக்காரு. அவர நம்ம ஸ்டாஃப்ல போடுதோம். எழுபத்தஞ்சு லட்சம்."

"அவரு இங்க வருவாரா சார்?"

"போட்டோ எடுக்க வருவாரு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏழு பேர் பட்டியலை நான் எழுதித் தர வேண்டுமாம். உள்ளூர் ஆட்களை எனக்குத்தான் தெரியுமாம்.

ஜூன் 14, புதன்

வீட்டு மோட்டார் ரிப்பேர். மெக்கானிக் இரண்டு முறை வந்தும் சரியாகவில்லை. மனைவி ஐரின் குடத்தில் தண்ணீர் தூக்குகிறாள். மகள் ஷெரினுக்குக் கல்லூரியில் மூன்றாம் வருட ஃபீஸ் கட்டத் தேதி வந்துவிட்டது. பட்டியல் எழுதவில்லை. ஜெயந்த் சார் ஒரு முறை போன் செய்தார். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 19, திங்கள்

பட்டியலைக் கொடுத்துவிட்டேன். கோச் பெர்னார்டோ. அவர் கூட்டிவரும் உதவியாளர். அடுத்து நான், உதவிப் பயிற்சியும் கோல்கீப்பர் பயிற்சியும் சேர்த்து. வீடியோ பார்க்கும் பையன். மசாஜ் பால்பாண்டி. பூட்ஸ், ஜெர்சி பார்க்கும் ஜஸ்டின். ரெனாட்டோ.

பிசியோ முஹ்சினாவுக்கு இடம் இல்லை. மேலிடத்து முடிவு. நான் செய்ய ஒன்றுமில்லை.

அவள் காயல்பட்டினத்துக்காரி. அந்த ஊரில் பெண்கள்கூட ஆஃப்சைடு பற்றித் தகராறு பண்ணுவார்கள் என்று அவளே சொல்வாள். மூன்று வருடம் எங்களோடு இருந்தாள். அழவோ சத்தம் போடவோ இல்லை. "ரெனாட்டோங்கறது யாருண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஃபிட்னஸ் பாக்க."

"அப்ப அடிபட்டா யாரு பாக்க?"

"மைதானத்துல ஆம்புலன்ஸ் நிக்கும்லா."

 அவள் அலமாரியைத் திறந்து ஆட்டக்காரர்கள் ஃபைல்களை மேஜையில் அடுக்கி, ஒவ்வொன்றாக எனக்கு விளக்க ஆரம்பித்தாள். யாருக்கு எந்த முழங்கால், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. வேலையை விட்டு அனுப்பியவனுக்கு அந்த வேலையை ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாவது கீப்பர் இசக்கியின் ஃபைலில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. இரண்டு வருடத்துக்கு முன் கோல் கம்பத்தில் தலை மோதி மயங்கியிருக்கிறான்.

"இவனுக்குத் தலையில மறுபடி ஒரு அடி பட்டா சாதாரணமா விட்டுராதீங்க."

சரி என்றேன்.

ஜூன் 20, செவ்வாய்

முஹ்சினாவின் அறையில் லூசியோவுக்கு உடற்பயிற்சி சைக்கிள் வைக்கப்போகிறார்கள்.

ஆகஸ்ட் 28, திங்கள்

ரெனாட்டோ வந்தான். வயது நாற்பது இருக்கும், தொப்பை. கிளப் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு லூசியோவின் தோளில் கைவைத்து நின்றான். வீடியோவுக்கு "வணக்கம் தூத்துக்குடி" என்று சொல்ல ஆறு டேக் ஆனது. முக்கால் மணி நேரம். காரில் ஏறிக் கோவளம் போய்விட்டான்.

லீக்குக்கு அனுப்பிய தாளைப் பார்த்தேன். அவன் பெயருக்கு எதிரே 'உடற்தகுதி மற்றும் மருத்துவ அலுவலர்' என்றிருந்தது.

"சார், மருத்துவம்னு போட்டிருக்கே?"

"பெஞ்சுல மெடிக்கல் ஆளு ஒருத்தர் இருக்கணும்னு விதி. அவரு சர்டிபிகேட் அதுக்கும் செல்லும். ஒரே கல்யாணத்துல ரெண்டு மொய் மிச்சம்னு வச்சுக்கங்க."

ஆட்ட நாளில் அவன் அடையாள அட்டையைப் பால்பாண்டி மாட்டிக்கொள்வான். போட்டோ தெரியாதபடி திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 18, சனி

ஜெயித்தோம், 2–0. இரண்டும் லூசியோ. ஜனம் கொடியோடு ரோட்டுக்கு வந்துவிட்டது.

இன்றைக்கு ஆட்டத்தைக் காப்பாற்றியது இசக்கிமுத்துதான். பெனால்டியை இடது கையால் தள்ளிவிட்டான். அவனுக்கு இருபத்தேழு வயது, ஊர் ஆறுமுகநேரி. செப்டம்பர் வரை எங்களுக்கு இரண்டாவது கீப்பர். முதல் கீப்பர் ஜோயல் வாங்குவது நாற்பத்தைந்து லட்சம், இசக்கிக்குப் பதினாறு. அக்டோபரிலிருந்து இவன்தான் இறங்குகிறான். இருபது வருடம் நானும் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவன். இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. எவ்வளவு திட்டினாலும் "சரிண்ணே" என்பான். பிறகு தான் நினைத்தபடிதான் செய்வான். அது சரியாகவும் இருக்கும்.

அவன் பொண்டாட்டி பேச்சி பொரி உருண்டை கொடுத்துவிட்டிருந்தாள். ஐரின் நன்றாக இருக்கிறது என்றாள்.

ஜனவரி 9, செவ்வாய்

ஜோயலை மீதி சீசனுக்கு வேறு கிளப்புக்குக் கடனாக அனுப்பிவிட்டார்கள். அவன் சம்பளத்தை இனி அவர்கள் கொடுப்பார்கள். அந்த இடைவெளியில் கோச் ஒரு டிஃபெண்டரை எடுக்கிறார். உச்சவரம்புக்குள் அச்சாகப் பொருந்துகிறது என்று ஜெயந்த் சாருக்குச் சந்தோஷம்.

"கீப்பருக்கு மாத்து ஆளு சார்?"

"கெவின் இருக்கான்லா?"

கெவினுக்குப் பத்தொன்பது வயது. லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடியதில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

கார்னர் பயிற்சியில் புது டிஃபெண்டரின் முழங்கை இசக்கியின் நெற்றிப் பொட்டில் பட்டது. கீழே விழுந்தவன் எழுந்திருக்கச் சற்று நேரமானது. ஐஸ் வைத்தோம். "ஒண்ணும் இல்லண்ணே" என்றான். மீதிப் பயிற்சி முழுக்க வெளியே உட்காரவைத்தேன்.

சாயங்காலம் முஹ்சினாவுக்குப் போன் செய்து நலம் விசாரித்தேன். தூத்துக்குடியிலேயே ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்திருக்கிறாளாம். நல்லது.

ஜனவரி 25, வியாழன்

விளமீன் கிலோ எண்ணூறு. வாங்காமல் வந்துவிட்டேன்.

இசக்கி தலை கனமாக இருக்கிறது என்றான். வெயில் அதிகம். மாத்திரை கொடுத்தேன். சனிக்கிழமை ஜெயித்தால் முதல் நாலு இடத்துக்குள் வந்துவிடுவோம்.

ஜனவரி 27, சனி

எழுத முடியவில்லை.

ஜனவரி 29, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். பிறகு யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

முப்பத்தெட்டாவது நிமிடம். எதிரணிக்காரன் ஒருவன் தலையால் முட்டப் பாய்ந்தான், இசக்கி பந்தைக் குத்த எழும்பினான். அவன் தோள் இவன் தாடையில் மோதியது. பால்பாண்டி தண்ணீர் பாட்டிலோடு ஓடினான். அவனுக்கு வேறென்ன தெரியும்? கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் நீவிவிடுவான், அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் இசக்கி எழுந்து கையுறையைச் சரிசெய்துகொண்டான். கைதட்டல்.

இடைவேளையில் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து பாத்ரூம் போனான். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தவனிடம் என்னலே என்று கேட்டேன்.

"மத்தியானம் சாப்பிட்டது சேரலண்ணே."

கோச் அவனை மாற்றவில்லை. மாற்ற ஆள் கெவின்தான். ஸ்கோர் 1–0. நாங்கள் முன்னால் இருந்தோம்.

எழுபத்தொன்றாவது நிமிடம். யாரும் அவன் பக்கத்தில் இல்லை. கோல் கிக் அடிக்கப் பந்தைத் தரையில் வைத்தான். நிமிர்ந்தான். பந்து எங்கே என்று தேடுகிறவன் மாதிரி இடமும் வலமும் பார்த்தான். அப்படியே பின்பக்கமாக விழுந்தான். கைகால் வெட்டி இழுத்தது. ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் வந்தபோது கூட்டம் அப்படி அமைதியாக இருந்ததை இதற்கு முன் நான் பார்த்ததில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக் கசிவு, வீக்கம். மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்து ஆபரேஷன்.

ஆட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். ஜெயித்தோம்.

பிப்ரவரி 3, சனி

கண் திறந்தானாம். யாரையும் அடையாளம் தெரியவில்லை. வலது கை அசையவில்லை.

பேச்சி ஐ.சி.யு. வாசலில் பெஞ்சில் இருக்கிறாள். ஒரு பையில் அவன் கையுறைகள். மைதானத்தில் யாரோ கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நான் போனதும் எழுந்து நின்றாள்.

"சாப்பிட்டீங்களாண்ணே?" என்று என்னைக் கேட்டாள்.

பிப்ரவரி 8, வியாழன்

ஜெயந்த் சார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். லீக் விசாரணை வைக்கிறது. அதைவிடப் பெரிது இன்சூரன்ஸ். இசக்கிக்கு அறுபது லட்சம் வரவேண்டும். ஒரு நிபந்தனை இருக்கிறது. தலையில் அடிபட்ட ஆட்டக்காரனைத் தகுதியுள்ள மருத்துவ அலுவலர் ஒருவர் பார்த்து அனுமதித்த பிறகே ஆடவைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கிளப்பின் அலட்சியம் என்று சொல்லிப் பணத்தை நிறுத்திவிடுவார்கள்.

தாளை என் பக்கம் தள்ளினார். 'இடைவேளையில் உடை மாற்றும் அறையில் மருத்துவ அலுவலர் ரெனாட்டோ, ஆட்டக்காரர் இசக்கிமுத்துவைச் சோதித்து, ஆடத் தகுதி உள்ளவர் என்று கூறினார். நான் உடனிருந்தேன்.' கீழே என் பெயர் அடித்திருந்தது.

"அவரு கோவளத்துலல்லா சார் இருந்தாரு?"

"இந்தியாவுல இருந்தாரு. பாஸ்போர்ட் சொல்லும். ரூமுக்குள்ள கேமரா கிடையாது. கோச்சும் பால்பாண்டியும் போட்டாச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெனாட்டோ எப்படி ஸ்டாஃப்ல வந்தாருன்னு லீக் தோண்ட ஆரம்பிச்சா உச்சவரம்ப மீறினதுக்குப் பாயின்ட் போகும், தடை வரும். அத விடுங்க, அது எங்க பாடு. அந்தப் பொண்ணுக்குப் பணம் வரணுமா வேண்டாமா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்."

"உங்க கான்ட்ராக்ட் ரெண்டு வருஷம் நீட்டிக்கிறதா சேர்மன் சொல்லிட்டாரு. அது வேற விஷயம். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

பிப்ரவரி 10, சனி

இந்த நோட்டில் நான் பொய் எழுதியிருக்கிறேன். பின்னால் புரட்டிப் படித்தேன். பொய் என்றும் சொல்ல முடியாது, விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.

ஜூன் மாதம் முஹ்சினாவை எடுத்தது மேலிடம் இல்லை. "ரெனாட்டோவ வச்சா உள்ளூர் சம்பளத்துல ஒண்ணு குறையணும். நீங்களா, பிசியோவா? நீங்களே பாத்து எழுதுங்க" என்றார் ஜெயந்த் சார். நான் பார்த்து எழுதினேன். கீப்பர்களுக்கு வேறு யாரையாவது சொல்லிக்கொடுக்க வைத்திருக்கலாம். அடிபட்ட தலையைப் பார்க்க வேறு யாரும் இல்லை. இது அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஜனவரி 23-ம் தேதி நலம் விசாரிக்கப் போன் செய்யவில்லை. இசக்கிக்கு அடிபட்டதைச் சொல்லத்தான் செய்தேன். அவள் எல்லாம் கேட்டாள். எத்தனை நொடி கிடந்தான், கண் எப்படி இருந்தது, வெளிச்சம் கூசுகிறதா. பிறகு சொன்னாள்: "அண்ணே, பத்து நாளைக்கு அவன் மைதானத்துலயே கால் வைக்கக் கூடாது. ஸ்கேன் எடுங்க. மொத அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது பட்டா உயிருக்கே ஆபத்து. எழுதி வச்சுக்கங்க."

எழுதிவைக்கவில்லை. ஸ்கேன் என்றால் அலுவலகத்தில் சொல்ல வேண்டும், சொன்னால் சனிக்கிழமை கெவின் இறங்க வேண்டும், தோற்றால் கேள்வி வரும். பிசியோ எங்கே என்ற கேள்வியும் வரும்.

இன்னொன்று. இடைவேளையில் கோச் தானாக ஒன்றும் முடிவு செய்யவில்லை. என்னைக் கூப்பிட்டு "இசக்கி ஓகே?" என்று கேட்டார். வாந்திச் சத்தம் என் காதில் விழுந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"ஓகே" என்றேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பஸ்ஸில் திருநெல்வேலி போனேன்.

பேச்சியைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். முஹ்சினா சொன்னது, நான் மறைத்தது, கோச் கேட்டது, நான் சொன்ன பதில். ரெனாட்டோ என்பவன் யார், இப்போது கேட்கிற கையெழுத்து எதற்கு, போட்டால் என்ன வரும், போடாவிட்டால் என்ன போகும். அவள் டீ கிளாசைத் தொடவே இல்லை. ஆடை படிந்துவிட்டது.

"அந்த டாக்டரம்மா வேண்டாம்னு சொன்ன பொறவா இறக்கினீங்க?"

"ஆமாம்மா."

"எங்க அவுக ஒங்களப் பத்தி வீட்டுல எப்படிப் பேசுவாக தெரியுமா?"

நான் தலைகுனிந்திருந்தேன். பக்கத்து மேஜையில் ஒருவர் தன் அம்மாவுக்கு இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். பேச்சி அவர்களையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீங்க இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? நான் வேண்டாம்னு சொன்னா ஒங்க மனசு சரியாயிரும். அதுக்குத்தான?"

"இல்லம்மா, நீ என்ன சொல்லுதியோ..."

"கையெழுத்துப் போடுங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் அழவில்லை.

"டாக்டர் சொல்லுதாரு, இனி எழுப்பி உக்கார வைக்க, பேச வைக்க வருஷக்கணக்காகும்னு. நான் எங்க போவேன்? உண்மையைச் சொல்லி ஒங்களுக்கு நிம்மதி கெடச்சா எனக்கு என்ன கெடைக்கும்? போடுங்க. பணம் வரட்டும். ஆனா இனிமே எங்க கண்ணுல பட்டுராதீங்க. வீட்டுக்கும் வராதீங்க, ஆஸ்பத்திரிக்கும் வராதீங்க."

டீக்கு அவளே காசு கொடுத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 12, திங்கள்

முஹ்சினாவுக்குப் போன் செய்தேன். நடந்ததை அறிந்த இன்னொரு ஆள் அவள்தான். நான் ஆரம்பிப்பதற்குள் "பேச்சி எங்கிட்டப் பேசிட்டா" என்றாள்.

"நீ என்ன பண்ணப் போற?"

"லீக்கிலிருந்து கேட்டா அன்னைக்கு நீங்க நலம் விசாரிச்சதாச் சொல்லுவேன். பேச்சி கேட்டுக்கிட்டா, அதனால. உங்களுக்காக இல்லண்ணே. ஒருநாளும் அப்படி நெனச்சுராதீங்க."

வைத்துவிட்டாள். 'நலம் விசாரித்தேன்' என்று இந்த நோட்டில் நான் எழுதியதும் அதேதான். அவளுக்கு அது தெரியாது.

பிப்ரவரி 13, செவ்வாய்

கையெழுத்துப் போட்டேன். பேனா ஜெயந்த் சாருடையது.

மார்ச் 22, வெள்ளி

எதிர்பாராத விபத்து, கிளப் விதிகளைப் பின்பற்றியிருக்கிறது, யார் மீதும் குற்றமில்லை. லீக் அறிக்கை ஒன்றரைப் பக்கம்தான். அதில் ரெனாட்டோவின் 'உடனடிக் கவனிப்பை'ப் பாராட்டி ஒரு வரி இருக்கிறது.

பேச்சியின் கணக்கில் பணம் ஏறிவிட்டது. நாலாவது இடத்தில் முடித்தோம். லூசியோவுக்குப் பத்தொன்பது கோல். சேர்மன் விருந்து வைத்தார், பிரியாணி. எனக்குச் சால்வை போட்டார். குடும்பத்துக்குத் துணையாக நின்றவன் என்று மைக்கில் சொன்னார்.

ஐரின் அந்தச் சால்வையை என்ன செய்தாள் என்று தெரியவில்லை. கேட்கவில்லை. அவளிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு போடும்போது தட்டைப் பார்க்கிறாள், என்னைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

இசக்கியைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று பால்பாண்டி சொன்னான். முஹ்சினா இருக்கும் மறுவாழ்வு மையத்தில் தினமும் பயிற்சி. வாக்கர் பிடித்து நாலடி நடக்கிறானாம்.

மோட்டார் மறுபடி ரிப்பேர்.

மே 20, திங்கள்

அடுத்த சீசன் கூட்டம். உச்சவரம்பை லீக் பதின்மூன்று கோடியாக உயர்த்தியிருக்கிறது. லூசியோ மூன்று கேட்கிறான். ஜெயந்த் சார் போர்டை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டார். வலது பக்கம் ஏழு பேர், அதே மூன்று கோடி.

"ரெனாட்டோவ எடுத்திருவோம் சார்" என்றேன். "அந்த இடத்துல நெசமான டாக்டர் ஒருத்தரப் போடுவோம்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கேலி இல்லை, நிஜமாகவே பரிதாபம். "எப்படி எடுக்க ஹெர்பர்ட்? அவருதான் இசக்கியப் பாத்தாருன்னு நீங்கதான எழுதிக் கொடுத்திருக்கீங்க? லீக்கே பாராட்டின ஆளு. இப்ப தூக்கினா ஏன்னு கேப்பாங்க. இனி அவரு இருந்துதான் ஆகணும்."

என் கையெழுத்து அவனை அந்த நாற்காலியில் ஆணி அடித்து உட்காரவைத்திருக்கிறது. அந்த வராத மனிதனின் வேலையைவிட உறுதியான வேலை கிளப்பில் வேறு யாருக்கும் இல்லை.

மே 23, வியாழன்

பட்டியலைக் கொடுத்தேன். மூன்றாவது இடத்தில் நாகர்கோவில் பிசியோ ஒருவர் பெயர். முஹ்சினாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். தான் வரமாட்டேன் என்று சொல்லி இவர் நம்பரைக் கொடுத்திருந்தாள்.

ஜெயந்த் சார் விரலால் எண்ணினார். "உங்க பேரு இல்லையே?"

"ஏழுதான சார்?"

"ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் இருக்கு உங்களுக்கு."

"கிழிச்சிருங்க."

போன ஜூனில் இதைச் செய்திருக்கலாம். அதற்கும் இதே ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும்.

வீட்டில் சொன்னேன். ஐரின் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுத் திரும்பினாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் முறையாக முகத்தைப் பார்த்துப் பேசினாள். "ஷெரினுக்குக் கடைசி வருஷம் ஃபீஸ் இருக்கு." திட்டவில்லை. விவரம்தான் சொன்னாள். ஐஸ் ஃபேக்டரியில் மேற்பார்வைக்கு ஆள் தேடுகிறார்கள் என்றேன். சரி என்றாள்.

ஜூன் 3, திங்கள்

ஐஸ் ஃபேக்டரியில் முதல் நாள். லாரிகளுக்கு நம்பர் போட்டு அனுப்பும் வேலை. உடன் வேலை செய்கிறவர்களில் இரண்டு பேருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. லூசியோ இந்த வருடமும் இருக்கிறானா என்று கேட்டார்கள். இருக்கிறான் என்றேன்.

ஜூன் 15, சனி

காலை பத்தரைக்கு முஹ்சினா போன் செய்தாள். அவளாகக் கூப்பிடுவது இதுவே முதல் முறை.

"பேச்சி ஆறுமுகநேரி போயிருக்கா, அவ அம்மாவுக்கு முடியல. மத்தியானந்தான் வருவா. பாக்கணும்னா பத்து நிமிஷம் வந்துட்டுப் போங்க. அவகிட்ட நானே சொல்லிருவேன், மறைக்க மாட்டேன்."

பேச்சியின் வார்த்தை காதில் இருந்தது. இருந்தும் போனேன்.

நீளமான ஹால். சுவரை ஒட்டிக் கம்பிப் பிடிகள். ஒரு வயதான அம்மா ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தார். இசக்கி ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தான். பாதி உடம்பாகிவிட்டான். தலையின் இடது பக்கம் குழிந்திருக்கிறது, முடி இன்னும் சரியாக வளரவில்லை. வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் மேஜை மீதிருந்த மரக்கட்டைகளை ஒரு டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தான். பெனால்டியைத் தள்ளிவிட்ட கை. மூன்றில் ஒன்று வெளியே விழுந்தது.

எதிரே போய் உட்கார்ந்தேன். முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். மரியாதையாகச் சிரித்தான். புது ஆளைப் பார்க்கும் சிரிப்பு.

"வாங்க சார்." வார்த்தை ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்து வந்தது. "புதுசா... சேந்திருக்கீங்களா?"

முஹ்சினா தூரத்தில் நின்றாள்.

"ஆமா" என்றேன்.

அவன் இன்னொரு கட்டையை எடுத்தான். டப்பாவுக்குள் போட்டான். உள்ளே விழுந்ததும் அவனுக்குச் சந்தோஷம். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவன் மாதிரி ஹால் வாசலைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் குனிந்தான்.

"சார், எங்க கோச்... ஹெர்பர்ட் அண்ணன்னு ஒருத்தரு வருவாரு. பாத்தா சொல்லுங்க. எனக்குத் தலவலி... சுத்தமா இல்லன்னு. சனிக்கிழமை எறங்கிருவேன். கெவின் சின்னப் பையன், பயந்துருவான். அண்ணன் சங்கடப்படுவாரு."

கீழே விழுந்திருந்த கட்டையை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"சொல்லிருதேன்" என்றேன்.